எனக்கு அடுத்த எண்

சரக்கு விமானக் கம்பெனியில் சேர்ந்தால் பயிற்சி எப்படி இருக்கும் என்று கேட்டு எவனாவது ஒருவன் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறான். ஓட்டல் எப்படி, சிமுலேட்டர் எப்படி, எதையெல்லாம் படித்துக்கொண்டு வர வேண்டும் என்று. அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பக்கத்து இருக்கையில் எவன் வந்து உட்காருவான் என்று கேள், தம்பி. அதை ஒருத்தனும் கேட்பதில்லை.

என் பெயர் சிக்னி ஆசென். ஊர் வடக்கு டகோட்டா. பத்து வருடத்துக்கு மேல் ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாளாகப் பார்சல் சுமந்தவள். மைனாட்டில் காலையில் ஏற்றுவேன், வில்லிஸ்டனிலும் டிக்கின்சனிலும் இறக்குவேன், சாயங்காலம் திரும்புவேன். இறக்கையில் படிந்த பனியைத் துடைப்பதும் நான், பெட்டி தூக்குவதும் நான், ஓட்டுவதும் நான். பேச்சுத் துணைக்கு ஆளில்லையே என்று ஒருநாளும் அழுததில்லை.

டன்மோர் கார்கோவில் போயிங் 767 ஓட்ட ஆள் எடுத்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு முன்பே வேறொரு கம்பெனியின் இறுதித் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தேன். இந்தத் தொழிலில் தோல்வி என்பது செத்தாலும் போகாத மச்சம். எங்கே போய் வேலை கேட்டாலும் நமக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். இரண்டாவது முறையும் தோற்றால் என்னை எவனும் சீந்த மாட்டான். பார்சல் வேலையையும் விட்டுவிட்டுத்தான் பயிற்சி நடக்கும் டொலீடோவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். திரும்பிப் போக இடமில்லை.

முதல் நாள் காலையில், காபி ஆறுவதற்குள், கம்பெனி ஆளுக்கொரு வரிசை எண் கொடுக்கும். சம்பளத்தைவிட அதுதான் முக்கியம். எந்த ஊரிலிருந்து பறப்பது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கப்போவது யார், யார் எப்போது கேப்டன் ஆவது, ஆட்குறைப்பு வந்தால் முதலில் தெருவுக்குப் போவது யார், எல்லாமே அந்த எண்தான் தீர்மானிக்கும். திறமை, அப்பன் பெயர், சிரித்த முகம் எதுவும் அங்கே செல்லாது. முன்னால் சேர்ந்தவன் முன்னால். ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவர் முன்னால். எனக்குக் கீழே இருக்கிறவனுக்கு நான் ஓய்வு பெறும் வரைக்கும் விடிவு கிடையாது. இல்லையென்றால் நான் பயிற்சியில் தோற்க வேண்டும். அப்போது கீழே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு படி ஏறுவார்கள்.

ஓட்டுநர் உரிமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகப் பிறந்த தேதிப்படி எங்களை நிற்க வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் வந்து நின்றவன் சட்டையில் அத்தனை கஞ்சி. பிரெஸ்டன் வெதர்பி. ஜார்ஜியாக்காரன். ஒரு சிறிய பயணிகள் விமானக் கம்பெனியில் பல வருடம் கேப்டனாக இருந்தவன். என் உரிமத்தை எட்டிப் பார்த்தான்.

"அதே வருசம், அதே மார்ச்சா? என்ன தேதி?"

"நாலு."

"நான் பதினொண்ணு." அவன் முகம் சுருங்கிப்போனது. "ஒரு வாரம். ஒரே ஒரு வாரத்துக்காக நான் காலம் பூரா உன் முதுகைப் பாத்துட்டு நிக்கணுமா?"

"உங்கம்மாகிட்டச் சொல்லியிருந்தா கொஞ்சம் முன்னாடியே பெத்துருப்பாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "வாய் இருக்குற அளவுக்குக் கை இருக்கான்னு பாப்போம் அம்மணி. பார்சல் கொண்டுபோறதும் விமானம் ஓட்டுறதும் ஒண்ணில்ல" என்றான்.

"இங்கயும் பார்சல்தான் கேப்டன். பெட்டிங்க உங்களுக்குக் கை தட்டாது" என்றேன். அன்றிலிருந்து நான் அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டேன். இங்கே அவனும் என்னைப் போலத் துணை விமானிதான். அந்தச் சொல் அவனை எவ்வளவு குத்தும் என்று எனக்குத் தெரியும்.

சிமுலேட்டருக்கு, அதாவது தரையிலேயே நிற்கும் போலி விமானத்துக்கு, அடுத்தடுத்த எண்காரர்களைத்தான் ஜோடியாகப் போடுவார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் ஒழிந்தால் ஒரு படி ஏறுகிறவனையே எனக்குத் துணையாக உட்கார வைத்தார்கள். அந்த அறைச் சுவரிலேயே பெரிதாக எழுதியும் போட்டிருந்தார்கள்: 'ஒத்துழைத்தால் எல்லோரும் தேறலாம்.'

முதலில் வகுப்புகள். எந்த அமிலத்தை எதன் பக்கத்தில் ஏற்றக் கூடாது, சரக்காகக் குதிரை ஏறினால் என்ன செய்வது, கோழிக்குஞ்சுப் பெட்டிகளுக்கு எவ்வளவு காற்று வேண்டும், பின்னால் சரக்கு தீப்பிடித்தால் தரையிறங்க எவ்வளவு நேரம் கிடைக்கும். பாடம் நடத்திய கிளைட் ஒப்பர்மன் ஓய்வு பெற்ற சரக்கு விமானி. ஆளுக்குச் சிரிப்பே வராது. "பெட்டி பேசாது, புகார் பண்ணாது. அதனால நீங்க பண்ற கூத்தைக் கேக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்றுதான் முதல் வகுப்பையே ஆரம்பித்தார்.

சிமுலேட்டரில் முதல் நாளே என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. வெதர்பி ஓட்டினான். நான் துணைக்கு. மேலே எழும்பியதும் மணி அலறியது. வலது எஞ்சினில் தீ. என் கை போனது, வலது எஞ்சினின் எரிபொருள் விசையை அணைத்தது. நொடியில் வேலை முடிந்தது. நான் பெருமையாகவே உட்கார்ந்திருந்தேன்.

ஒப்பர்மன் சிமுலேட்டரை நிறுத்தினார். எல்லாம் அப்படியே உறைந்து நின்றது.

"இப்ப அணைச்சது யாரு?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு?"

"தீப்பிடிச்சிருக்கே."

"தீப்பிடிச்சது எனக்கும் தெரியுதும்மா. யாரைக் கேட்டு அணைச்சே?"

வெதர்பி முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் ஒரு குழி விழுந்ததை நான் பார்த்தேன்.

இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் விதி இதுதான். எஞ்சினை நிறுத்தும் விசைகள் இரண்டும் ஒட்டி ஒட்டி இருக்கும். துணைக்கு இருப்பவர் விசையைத் தொட்டு, "வலது எரிபொருள் விசை, உறுதியா?" என்று கேட்க வேண்டும். ஓட்டுகிறவர் திரும்பி அந்தக் கையைக் கண்ணால் பார்த்து, "உறுதி" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் அணைக்கலாம். பதற்றத்தில் நல்ல எஞ்சினை அணைத்துவிட்டு எரிகிற எஞ்சினோடு செத்தவர்கள் உண்டு. எனக்கோ பத்து வருடமாகப் பக்கத்தில் ஆளே கிடையாது. கேட்டுப் பழகாத கை. கேட்பதற்குள் போய்விடும்.

"இங்க உன் கை உனக்குச் சொந்தமில்ல. இந்த ஒரு பழக்கமே உன்னை வீட்டுக்கு அனுப்பிடும்" என்றார் ஒப்பர்மன். அடுத்த நாளும் அதேதான் நடந்தது. வாய் "உறுதியா?" என்று முடிப்பதற்குள் கை அணைத்துவிட்டது. அன்று ஓட்டல் அறையில் என் கையை நானே அறைந்துகொண்டேன். அத்தனை ஆத்திரம்.

அதற்குப் பிறகுதான் வெதர்பி மாறினான். நான் "வலது எரிபொருள்" என்று ஆரம்பித்த உடனே "உறுதி" என்பான். என் கை எவ்வளவு அவசரப்பட்டாலும் அவன் வாய் அதற்கு முன்னால் போய் நிற்கும். கேள்வியும் பதிலும் செயலும் வரிசையாக வந்தன. ஒப்பர்மன்கூட, "இப்பதான்யா ரெண்டு பேரும் ஒரே விமானத்துல இருக்கீங்க" என்றார். பரவாயில்லையே, கஞ்சிச் சட்டைக்குள்ளும் மனிதன் இருக்கிறானே என்று நினைத்து, ஆற்றங்கரைக் கடையில் அவனுக்கு ஹங்கேரியன் ஹாட் டாக் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தின்றான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இறுதித் தேர்வுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம், ஓட்டலில் துணி துவைக்கும் அறைக்குக் கூடையோடு போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெதர்பி சட்டை மடித்துக்கொண்டிருந்தான். இயந்திர இரைச்சலில் பெண்டாட்டியின் குரல் கேட்க வேண்டும் என்று போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு, தானும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் உடனே 'உறுதி' சொல்லுவேன்னு அவ பழகிட்டா. தேர்வு அன்னிக்கு ஒரு மூச்சு நேரம் வாயை மூடிட்டு இருந்தாப் போதும். அவ கை அது பாட்டுக்கு அணைச்சுடும். நான் உறுதி சொல்லவே இல்லையேன்னு கேப்பேன். முடிஞ்சது. ஏற்கெனவே ஒரு தடவை தோத்தவ. மைனாட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"பாவம்யா அந்தப் பொண்ணு" என்றது போன்.

"என்ன பாவம்? நான் கிறிஸ்துமஸுக்கு வீட்ல இருக்கணுமா வேண்டாமா, அதைச் சொல்லு."

 நான் கூடையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பினேன். துணியைக் குளியல் தொட்டியிலேயே கசக்கிப் போட்டேன். என் வாழ்க்கையில் எந்தத் துணியையும் அப்படி முறுக்கிப் பிழிந்ததில்லை.

கம்பெனியிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என்னவென்று சொல்வது? அவன் சொன்னதில் பொய் இல்லையே. என் கை அவசரப்படுவது நிஜம். புகார் பண்ணினால் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள். அதைத்தானே அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் அறைச் சுவரில், விமானிகள் உட்காரும் காக்பிட்டின் படத்தை ஒட்டி வைத்திருந்தேன். எல்லாப் புதுவிமானிகளும் ஒட்டுவார்கள். அதன் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காகித விசையில் விரலை வைத்து, "வலது எரிபொருள் விசை, உறுதியா?" என்று கேட்டேன். காகிதம் பதில் சொல்லாது. வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லாரி வருகிற சத்தம் கேட்டு, அது கடந்துபோய் ஓயும் வரை விரலை அசைக்கவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி லாரி. அடப்பாவி, நீ வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு கிட, நான் அசைய மாட்டேன் என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

தேர்வு எடுக்க வந்தவர் ரெனே ஃபோன்டனோ. லூசியானாக்காரி, மூத்த கேப்டன். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். முதல் பாதி நான் ஓட்டினேன். நன்றாகவே போனது. இடைவேளை முடிந்து இரண்டாம் பாதி வெதர்பி ஓட்ட வேண்டும். நான் துணை. அவன் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "கையை அடக்கி வச்சுக்கோ அம்மணி" என்றான், அக்கறை மாதிரி.

"நீங்க வாயைப் பாத்துக்கங்க கேப்டன்."

எழும்பினோம். மணி அலறியது. வலது எஞ்சினில் தீ. விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. அவன் அதைக் காலாலும் கையாலும் மல்லுக்கட்டிப் பிடித்து நேராக்கினான். நன்றாகத்தான் ஓட்டுவான், அதையும் சொல்லிவிடுகிறேன். நேரானதும் எஞ்சினை நிறுத்தச் சொன்னான். நான் கையை நீட்டினேன். விசையைத் தொட்டேன். என் புத்தி முழுக்க அவன் வாயில் இருந்தது. இப்போது மூடிக்கொள்வான், மூடட்டும், லாரி போகட்டும் என்று காத்திருக்கத் தயாராகிவிட்டேன்.

"வலது எரிபொருள் விசை, உறுதி..."

"உறுதி."

கேள்வி முடியக்கூட இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல்ல மாட்டேன் என்றவன் ஏன் சொன்னான்? பிறகுதான் புரிந்தது, அந்த மணிச் சத்தத்தில் அவன் தன் திட்டத்தையே மறந்துபோயிருந்தான். நாள்தோறும் என்னைப் பழக்குவதாக நினைத்துத் தன் வாயைப் பழக்கிவைத்திருந்தான். ஆனால் அந்த நொடியில் எனக்கு அது தெரியாது. இது வேறு ஏதோ சூது என்றுதான் தோன்றியது. இவன் வாயிலிருந்து வந்த சொல்லை நம்பி நான் ஒரு பொத்தானைக்கூடத் தொட மாட்டேன் என்று குனிந்து பார்த்தேன்.

என் விரல்கள் இடது விசையில் இருந்தன. நல்ல எஞ்சின். விமானத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரே எஞ்சின்.

 அவன் வாயையே பார்த்திருந்ததில் கை எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. பழைய கையாக இருந்திருந்தால் இந்நேரம் அணைத்திருக்கும்.

"இல்ல. தப்பு. கை இடதுல இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கையை மாற்றினேன். "வலது எரிபொருள் விசை, உறுதியா?"

"உறுதி" என்றான். இந்தத் தடவையும் அவன் தலை திரும்பவில்லை. நானே இன்னொரு முறை பார்த்துவிட்டு அணைத்தேன். சுற்றி வந்து இறங்கினோம்.

பிறகு ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார் ஃபோன்டனோ. வெதர்பியைப் பார்த்துக் கேட்டார். "அவங்க முதல்ல கேட்டப்போ கை எதுல இருந்துச்சு?"

"இடதுல. இவ தப்பா வச்சா."

"அப்புறம் ஏன் உறுதின்னு சொன்னீங்க?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எதிர்பார்த்திருந்த மௌனம் அப்போதுதான் வந்தது.

"ரெண்டாவது தடவை எதுல இருந்துச்சு?"

"வலதுல."

"பாத்தீங்களா?"

அவன் தன் சட்டைக் கையின் மடிப்பை நீவினான். "அவங்க தப்பா வச்சாங்க. பாத்தாங்க, சொன்னாங்க, திருத்துனாங்க. அதுக்குத்தான் சம்பளம்" என்றார் ஃபோன்டனோ. "நீங்க ரெண்டு தடவையும் பாக்கல. நீங்க தேறல. முதல் தோல்விங்கறதால திரும்பப் பயிற்சி எடுத்துட்டு இன்னொரு தடவை வாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவர்தான் உறுதின்னு சொல்லிட்டாரே. நீங்க எதுக்குக் குனிஞ்சு பாத்தீங்க?"

சொல்லியிருக்கலாம். துணி துவைக்கும் அறை, போன், எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெதர்பியின் காது சிவந்திருந்தது.

"தனியா ஓட்டிப் பழக்கம் மேடம். யாரையும் நம்புறதில்ல."

"விட்டுறாதீங்க அதை. நீங்க தேறிட்டீங்க" என்றார்.

நடைபாதையில் அவன் என்னை மறித்தான். "வேணும்னேதான் தப்பா வச்ச."

"வேணும்னே வச்சவ அப்படியே அணைச்சிருப்பாளே. ரெண்டு பேரும் சேந்தே தோத்துப் போயிருப்போம்." நான் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். "இனிமே பொண்டாட்டிகிட்டப் பேசணும்னா ரூம்ல போய்ப் பேசுங்க கேப்டன். அந்த மெஷின் இரைச்சல்ல உங்களுக்குத்தான் காது அடைக்குது. எங்களுக்கு நல்லாக் கேக்குது."

அவன் கஞ்சிச் சட்டைக்குள் சிறுத்துப்போனதை நான் திரும்பி நின்று பார்த்தேன். பார்க்காமல் போகும் அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை.

காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தான். மறுதேர்வுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு துணை வேண்டும். வகுப்பில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைசியில் என்னிடம் வந்திருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உக்காருவியா?"

"ஒருத்தரும் வரலையாக்கும்."

"வரல."

இரக்கப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எரிச்சல்தான் வந்தது. நான் போய்விட்டால் எவனாவது ஒரு மடையன் வந்து உட்காருவான். இவன் பார்க்காமலே 'உறுதி' சொல்வான், அவன் அதை வாங்கிக்கொள்வான், இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு தேறிவிடுவார்கள். பிறகு ஒருநாள், நிஜ வானத்தில், எவளோ ஒருத்தியின் கை தவறான விசையில் இருக்கும். அவள் இவனை நம்புகிறவளாக இருந்துவிட்டால்? பெட்டியைக் காரிலிருந்து இறக்கினேன்.

"உக்காருறேன். ஆனா ஒண்ணு. என் கையைப் பாக்காம வாயைத் திறந்தே, நான் அணைக்கவே மாட்டேன். எஞ்சின் எரிஞ்சு விழட்டும், நீ தோத்துத் தொலை."

"சரி" என்றான். அம்மணி என்ற சொல் வரவில்லை.

மறுதேர்வுக்கும் ஃபோன்டனோதான் வந்தார். இந்தத் தடவை இடது எஞ்சினில் தீ. மணி அலற, அவன் விமானத்தைப் பிடித்து நேராக்கினான். நான் விசையைத் தொட்டேன்.

"இடது எரிபொருள் விசை, உறுதியா?"

பதில் வரவில்லை. மணி அலறிக்கொண்டே இருந்தது. பின்னால் ஃபோன்டனோ அசையவில்லை. என் கையும் அசையவில்லை. அவன் தலையைத் திருப்பினான். முதலில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கண்ணைக் கீழே இறக்கி என் விரலைப் பார்த்தான், விரலுக்கு அடியில் இருந்த விசையைப் பார்த்தான், பக்கத்து விசையையும் பார்த்தான். அவ்வளவு வெறுப்போடு என் கையை யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு கவனமாகவும் யாரும் பார்த்ததில்லை.

"உறுதி" என்றான்.

நானும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு அணைத்தேன்.